மிஸ்கவைஹி எழுதிய உடன்படிக்கை

ஹிஜ்ரி 355ஆம் ஆண்டில் (கி.பி. 966) ரய் நகரம் சூறையாடப்பட்டது. இன்று தெஹ்ரானின் தென்புறத்தில் ஒரு புறநகராக ஒடுங்கிவிட்ட ரய், அன்று புவைஹி அமீர் ருக்னுத் தவ்லாவின் தலைநகர். உரோமர்களை எதிர்த்துப் போரிடச் செல்வதாகக் கூறிக்கொண்டு குராசானிலிருந்து புறப்பட்டு வந்த பெருந்திரள் ஒன்று வழியில் ரய்யில் தங்கிப் பொருளுதவி கேட்டது. கேட்டது கிடைக்காதபோது, உரோமர்களுக்காக ஏந்திய ஆயுதங்களை ரய்வாசிகளின் மீதே திருப்பியது. அமைச்சர் அபுல் ஃபள்ல் இப்னுல் அமீதின் மாளிகைக்குள் புகுந்து அகப்பட்டதையெல்லாம் வாரிக்கொண்டு போனது. அன்றிரவு வீடு திரும்பிய அமைச்சருக்கு அமர ஒரு விரிப்பில்லை. நீரருந்த ஒரு குவளையில்லை.

அந்நிலையிலும் அவருடைய மனம் வேறொன்றையே எண்ணிக்கொண்டிருந்தது. அவரது நூலகத்தில் நூறு ஒட்டகச் சுமைக்கும் அதிகமான நூல்கள் இருந்தன. நூலகரைக் கண்டதும் அவர் கேட்ட முதற்கேள்வி அந்நூல்களைப் பற்றியதுதான். அவை இருந்தபடியே இருக்கின்றன, எவர் கையும் அவற்றின்மீது படவில்லை என்று நூலகர் சொன்னதும் அமைச்சரின் முகம் மலர்ந்தது. மற்றப் பொருள்களுக்கு ஈடு உண்டு, இவற்றுக்கு ஈடில்லை என்று கூறி, நூலகரை நற்சகுனமுடையவர் என வாழ்த்தினார்.

இந்நிகழ்ச்சியை நமக்குச் சொல்பவர் அந்த நூலகரே. அவர் பெயர் அபூஅலீ அஹ்மத் இப்னு முஹம்மத் மிஸ்கவைஹி. 'தஜாரிபுல் உமம்' என்னும் தமது பெரிய வரலாற்று நூலில் அவ்வாண்டின் செய்திகளுக்கிடையே இதனைப் பதிவு செய்திருக்கிறார். வரலாற்றாசிரியர் என்ற முறையில் அவருக்குள்ள மதிப்பு தனி. எனினும் பிற்கால இஸ்லாமிய உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது மற்றொரு நூலுக்காக. 'தஹ்தீபுல் அக்லாக்', அதாவது குணங்களைச் செப்பனிடுதல் என்பது அந்நூலின் பெயர். சர் செய்யித் அஹ்மத் கான் 1870ல் தொடங்கிய புகழ்பெற்ற உருது இதழுக்கும் இதே பெயர்தான். இதழ் நம்மிடையே அறிமுகமான அளவுக்கு நூல் அறிமுகமாகவில்லை.

அறிவு மனிதனை நல்லவனாக்குமா? நூறு ஒட்டகச் சுமை நூல்களின் நடுவே வாழ்ந்த ஒருவர், அவற்றை வாசித்ததால் மட்டும் பொறாமையும் கஞ்சத்தனமும் சினமும் நீங்கப் பெறுவாரா? கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட எங்களைப் போன்றோரால் எளிதில் ஒதுக்கிவிட முடியாத கேள்வி இது. மிஸ்கவைஹியின் வாழ்க்கையில் இக்கேள்வி ஏட்டளவில் எழவில்லை. அவர் மீது நேரடியாகவே அது வீசப்பட்டது. வீசியவர் சாதாரண ஆளுமல்லர்.

மிஸ்கவைஹி ஹிஜ்ரி 320ஐ (கி.பி. 932) ஒட்டி ரய்யில் பிறந்தவர். இளமையில் பக்தாதில் அமைச்சர் முஹல்லபியிடமும், பின்னர் ஏழாண்டுகள் இப்னுல் அமீதிடமும், அதன் பின்னர் அளுதுத் தவ்லாவிடமும் பணியாற்றினார். அரசவை, விருந்து, புகழ்க்கவிதை, வெகுமதி என்பதே அவர் பழகிய உலகம். அதே உலகத்தின் வாசற்படியில் நின்று, உள்ளே இடம் கிடைக்காமல் கசந்து போனவர் அபூஹய்யான் அத்தவ்ஹீதி. அரபு உரைநடையின் மாபெரும் ஆசிரியர்களில் ஒருவர். நாவோ சவுக்கைப் போன்றது. 'அல்இம்தாஃ வல் முஆனஸா' என்ற நூலில், தம் காலத்து அறிஞர்களைப் பற்றி அமைச்சர் இப்னு சஃதான் கேட்கும் இடத்தில், மிஸ்கவைஹியைச் செல்வர்களிடையே வறியவர், நாவன்மை மிக்கோரிடையே திக்குவாயர் என்று தவ்ஹீதி வருணிக்கிறார். மெய்யியலாளர் அபுல் ஹஸன் அல்ஆமிரி ரய்யில் ஐந்தாண்டுகள் தங்கிப் பாடம் நடத்தியபோது, மிஸ்கவைஹி அவரிடமிருந்து ஒரு சொல்லைக்கூடக் கற்றுக்கொள்ளவில்லை. இரசவாதத்தின் பின்னால் அலைந்து காலத்தைக் கழித்தார் என்கிறார். அதற்கு மேல் வருவதுதான் கொடியது. ஒரு காசுக்கும் ஒரு ரொட்டித் துண்டுக்கும் கணக்குப் பார்ப்பவர் அவர் என்று சொல்லிவிட்டு, வாயால் ஈகையைப் புகழ்ந்து செயலால் உலோபத்தைத் தேர்ந்துகொள்வதிலிருந்து அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடுகிறார்.

பொறாமையில் விளைந்த சொற்கள் என்று இதை ஒதுக்கிவிடுவோர் உண்டு. தவ்ஹீதி எல்லோரையும் ஏசியவர்தாம். இரு அமைச்சர்களின் குறைகளைத் தொகுத்து ஒரு தனி நூலே எழுதியவர். ஆயினும் அவரது சாட்சியத்தை முற்றிலும் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அவர் மிஸ்கவைஹியை நெருக்கமாக அறிந்தவர். இருவரும் சேர்ந்து உருவாக்கிய 'அல்ஹவாமில் வஷ்ஷவாமில்' என்ற நூல் இன்றும் இருக்கிறது. தவ்ஹீதி கேள்விகளை எழுதி அனுப்ப, மிஸ்கவைஹி ஒவ்வொன்றாக விடையளிக்கிறார். ஒருவர் துடிப்பும் தவிப்புமாகக் கேட்கிறார். மற்றவர் நிதானமாக, சில இடங்களில் சற்று அலுப்பூட்டும் நிதானத்தோடு பதிலளிக்கிறார். பகைவர்களிடையே இத்தகைய நூல் தோன்றாது.

தவ்ஹீதியின் குற்றச்சாட்டுக்கு மிஸ்கவைஹி நேரடியாக மறுப்பு எழுதியதாக நான் எங்கும் வாசித்ததில்லை. ஆனால் தஹ்தீபுல் அக்லாக்கில் ஓரிடம் உண்டு. சிறுவர்களை எவ்வாறு வளர்ப்பது என்று விளக்கிவரும்போது, ஆசிரியர் திடீரெனத் தம்மையே உதாரணமாக முன்வைக்கிறார். இம்ரவுல் கைஸ், நாபிஃகா போன்றோரின் கவிதைகளில் திளைத்து, அவற்றிலுள்ள பொய்களையும் இன்ப வேட்கையையும் சிறப்பென்று எண்ணி வளர்ந்த ஒருவன், பிறகு அத்தகைய கவிதைகளுக்கு வெகுமதி தரும் தலைவர்களிடம் போய்ச் சேர்ந்து, தன்னைப் போன்ற தோழர்களோடு உடலின்பங்களில் மூழ்கினால் அவன் கதி என்ன என்று கேட்கிறார். அவன் தன் நிலையைப் பேறு என எண்ணாமல் இழப்பு என எண்ண வேண்டும். படிப்படியாக அதிலிருந்து விலக முயல வேண்டும் என்கிறார். பால்குடி மறக்கச் செய்வதைக் குறிக்கும் 'ஃபிதாம்' என்ற சொல்லின் வழியே இதை அவர் விளக்குகிறார். வயது ஏறி, பழக்கங்கள் வேரூன்றிய பின்னரே தாமும் இவ்வாறு மெல்ல மெல்ல விலகியதாக வாசகருக்கு அறிவிக்கிறார். தமக்குக் கிட்டாமல் போனது வாசகருக்கேனும் இளமையிலேயே கிட்ட வேண்டும் என்பது அவர் விருப்பம்.

நம் பண்டைய அறநூல் ஆசிரியர்கள் தம்மைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாகப் பேசுவது அரிது. தவ்ஹீதி கண்ட மிஸ்கவைஹியும் இந்நூலை எழுதிய மிஸ்கவைஹியும் ஒருவரே; ஆனால் ஒரே காலத்தவர் அல்லர் என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

நூலின் அடித்தளமும் இந்த அனுபவத்தோடு இணைந்ததுதான். குணம் என்பது ஆலோசனை ஏதுமின்றியே மனிதனைச் செயலுக்குத் தூண்டும் உள்ளத்தின் ஒரு நிலை என்று அவர் வரையறுக்கிறார். அது பிறவியிலேயே வருவதும் உண்டு. பழக்கத்தால் வருவதும் உண்டு. பிறவிக் குணத்தை மாற்றவே இயலாது என்ற கருத்து முன்னோரிடையே இருந்தது. மிஸ்கவைஹி அதனை ஏற்கவில்லை. குணம் மாறாது என்றால் அறிவுக்கும் பகுத்துணர்வுக்கும் என்ன வேலை? சிறுவர்களைப் பயிற்றுவிப்பது எதற்காக? சட்டங்களும் ஒழுங்குமுறைகளும் எதற்காக? இவையெல்லாம் வீண் என்று எவரும் கூறத் துணியாதபோது, குணம் மாறும் என்பதை ஏற்றுத்தான் ஆகவேண்டும் என்பது அவர் வாதம்.

அவர் பேசும் நான்கு தலையாய பண்புகளை, அதாவது ஞானம், தன்னடக்கம், வீரம், நீதி ஆகியவற்றை, இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. அவை பிளேட்டோவிடமிருந்தும், ஒவ்வொரு பண்பும் இரு தீமைகளுக்கிடைப்பட்ட நடுநிலை என்ற கருத்து அரிஸ்டாட்டிலிடமிருந்தும் வந்தவை. இதனை அவர் மறைக்கவில்லை; அரிஸ்டாட்டிலின் பெயரை மரியாதையோடு குறிப்பிடுகிறார். சிறுவர் வளர்ப்புப் பகுதியின் பெரும்பகுதியைப் ப்ரூஸன் என்ற கிரேக்க ஆசிரியரின் நூலிலிருந்து எடுத்ததாகவும் வெளிப்படையாகச் சொல்கிறார்.

கிரேக்கரிடம் பெறாத ஒன்றை அவர் சொல்லும் இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். நேசத்தையும் நட்பையும் பற்றிய ஐந்தாம் இயலில், 'இன்ஸான்' என்ற சொல்லின் வேரை ஆராய்கிறார். அது மறதியைக் குறிக்கும் 'நிஸ்யான்' என்பதிலிருந்து பிறந்தது என்று கவிஞர்கள் சொல்வதை மறுத்து, நேயத்தைக் குறிக்கும் 'உன்ஸ்' என்பதே அதன் வேர் என்கிறார். மனிதன் இயல்பிலேயே பிற மனிதரோடு நேயம் கொள்பவன். ஷரீஅத் இந்த நேயத்தை வளர்க்கவே ஒழுங்கு செய்துள்ளது. ஒரு பகுதி மக்கள் நாளுக்கு ஐந்து முறை பள்ளிவாசலில் கூடுகின்றனர். நகர் முழுவதும் வாரம் ஒருமுறை ஜும்ஆவில் கூடுகிறது. நகரத்தாரும் சுற்றியுள்ள கிராமத்தாரும் ஆண்டுக்கு இருமுறை பெருநாள் திடலில் கூடுகின்றனர். தூர தேசத்து மக்களெல்லாம் வாழ்நாளில் ஒருமுறை மக்காவில் கூடுகின்றனர். இவ்வாறு விரிந்துகொண்டே செல்லும் வட்டங்களாகத் தொழுகையையும் ஹஜ்ஜையும் அவர் காண்கிறார். அரிஸ்டாட்டில் ஏதென்ஸ் நகரத்தைக் கண்முன் வைத்து நட்பைப் பற்றி எழுதினார். மிஸ்கவைஹியின் கண்முன் இருந்தது ஜமாஅத்.

இதன் மறுபக்கமாக, மலைக்குகைகளிலும் பாலைகளிலும் ஒதுங்கி வாழ்வோரை அவர் கடுமையாக விமர்சிக்கிறார். கொடுக்க ஆளில்லாத இடத்தில் ஈகை எங்கே? சினமூட்ட ஆளில்லாத இடத்தில் பொறுமை எங்கே? பண்புகள் என்பவை மனிதரோடு பழகும்போது வெளிப்படும் செயல்களே என்பதால், தனித்திருப்பவன் தன்னடக்கமுள்ளவன்போலத் தோன்றினாலும் உண்மையில் அவனிடம் பண்பு எதுவும் செயல்படவில்லை. அவன் உயிரற்ற பொருளைப் போன்றவன் என்கிறார்.

மிஸ்கவைஹி காலமாகி அறுபத்தைந்து ஆண்டுகளில், இஸ்லாமிய உலகின் மிக உயர்ந்த ஆசிரியப் பதவியில் இருந்த ஒருவர் அதைத் துறந்து தனிமையை நாடினார். ஹிஜ்ரி 488 துல்கஃதாவில் (கி.பி. 1095) பக்தாத் நிஜாமிய்யாவை விட்டு வெளியேறிய இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வரலாறு நம் வாசகர்கள் நன்கறிந்தது. பாடம் சொல்ல வாய் திறந்தால் ஒரு சொல்லும் வராமல் நா கட்டுண்டதையும், தாம் கற்பித்ததன் நோக்கம் அல்லாஹ்வுக்காக அன்றிப் புகழுக்காக இருந்ததைக் கண்டு நடுங்கியதையும் 'அல்முன்கிது மினள் ளலால்' நூலில் அவர்களே எழுதியுள்ளார்கள். அறிவு மனிதனை நல்லவனாக்குமா என்ற அதே கேள்விதான் அவர்களையும் வீழ்த்தியது. மிஸ்கவைஹிக்கு அதைத் தவ்ஹீதி கேட்டார். இமாமவர்களோ தமக்குத் தாமே கேட்டுக்கொண்டார்கள்.

இவ்விரு பெருமக்களுக்கும் உள்ள தொடர்பு இக்கேள்வியோடு முடியவில்லை. இஹ்யாவின் மூன்றாம் கால்பகுதியில், நஃப்ஸைப் பயிற்றுவிப்பது பற்றிய நூலில், சிறுவர் வளர்ப்பைக் குறித்து இமாமவர்கள் எழுதியுள்ள பகுதி நம் பயான்களிலும் கட்டுரைகளிலும் திரும்பத் திரும்ப எடுத்தாளப்படுகிறது. குழந்தை நல்லது செய்தால் பலர் முன்னிலையில் பாராட்டுதல், முதல் தவறைக் கண்டும் காணாததுபோல் விடுதல், உண்ணும்போது பிறரை முந்திக் கைநீட்டாமை முதலியவற்றை மிஸ்கவைஹியின் ஆறு இயல்களுக்குள் அப்படியே காணலாம். ப்ரூஸனிடமிருந்து மிஸ்கவைஹிக்கும், மிஸ்கவைஹியிடமிருந்து இஹ்யாவுக்கும் வந்த செய்தி இது. ஆனால் எடுத்தவர் கைபட்டதும் அதன் திசை மாறிவிடுகிறது. குர்ஆன் ஓதுதலும் நல்லோர் வரலாறுகளும் முன்னுக்கு வருகின்றன. குழந்தை பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் ஆகிறது. பயிற்சியின் எல்லை மறுமை வரை நீள்கிறது. பாடம் முடிந்தபின் களைப்பு நீங்கச் சிறுவனை விளையாட விட வேண்டும் என்று மிஸ்கவைஹி சொன்ன இடத்தில், விளையாட்டைத் தடுத்து ஓயாது பாடத்தில் வருத்தினால் அவன் உள்ளம் இறந்துவிடும் என்று இமாமவர்கள் ஓர் எச்சரிக்கையைச் சேர்க்கிறார்கள். ஹிஃப்ள் வகுப்பு நடத்தும் என் நண்பர்கள் சிலருக்கு இவ்வரியை வாசித்துக் காட்டியிருக்கிறேன். இஹ்யா என்பதால் மறுக்க முடியாமல் தலையசைத்தார்கள்.

மெய்யியலாளர்களை மறுத்து 'தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா' எழுதியவர் மெய்யியலாளர் ஒருவரின் நூலிலிருந்து எடுக்கலாமா என்று என் மாணவர் ஒருவர் கேட்டார். கேட்டவர் கெட்டிக்காரர், ஆனால் இமாமவர்கள் இக்கேள்விக்குத் தம் காலத்திலேயே பதில் சொல்லிவிட்டார்கள். இரத்தம் குத்தி எடுப்பவனின் கிண்ணத்தில் தேன் இருந்தால் கிண்ணத்தின் தொழிலை எண்ணித் தேனை அருவருக்கும் அறிவீனரை முன்கிதில் சாடுகிறார்கள். சத்தியத்தை மனிதர்களைக் கொண்டு அறியக்கூடாது, முதலில் சத்தியத்தை அறிந்தால் அதற்குரிய மனிதர்களை அறியலாம் என்ற அலீ (ரலி) அவர்களின் கூற்றையும் அங்கே எடுத்துக்காட்டுகிறார்கள். தம் நூல்களில் முன்னோரின் சொற்கள் இருப்பதாகச் சிலர் குறைகூறியதை மறைக்காமல் குறிப்பிட்டு, ஒரு குதிரையின் குளம்பு மற்றொன்றின் தடத்திலேயே பதிவதும் உண்டு என்று விடையளிக்கிறார்கள். மெய்யியலாளர்களின் ஒழுக்க இயலே சூஃபிகளிடமிருந்து பெறப்பட்டது என்றும் ஒரு கருத்தை அங்கே முன்வைக்கிறார்கள். வரலாற்று முறையில் இக்கடைசிக் கருத்தை நிறுவுவது கடினம் என்பதை, இமாமவர்களின் மீதுள்ள முழு மரியாதையோடும், சொல்லத்தான் வேண்டும்.

தனிமை பற்றி இருவரும் மாறுபட்டார்களா? மேலோட்டமாகப் பார்த்தால் ஆம். ஆனால் இமாமவர்கள் தனிமையிலேயே முடிந்துவிடவில்லை. இஹ்யாவில் தனிமைக்கென ஒதுக்கிய நூலில் அதன் நன்மைகளை எழுதியதோடு, மக்களோடு பழகுவதால் கிட்டும் நன்மைகளையும் எண்ணி எழுதினார்கள். ஹிஜ்ரி 499ல் (கி.பி. 1106) நைஸாபூர் நிஜாமிய்யாவில் மீண்டும் பாடம் சொல்லத் திரும்பினார்கள். திரும்பினாலும் தாம் திரும்பவில்லை என்றார்கள்: முன்பு பதவியைத் தேடித்தரும் கல்வியைப் பரப்பினேன், இப்போது பதவியைத் துறக்கச் செய்யும் கல்வியின்பால் அழைக்கிறேன் என்பது அதன் கருத்து.

தஹ்தீபின் பிந்தைய பயணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஹிஜ்ரி 633ல் (கி.பி. 1235) நஸீருத்தீன் தூஸியிடம் அதைப் பாரசீகத்தில் மொழிபெயர்க்கும்படி கேட்கப்பட்டபோது, அதன் அழகைக் கெடுத்துவிடுவேன் என்று தயங்கி, அதன் சாரத்தோடு இல்லற இயலையும் அரசியலையும் சேர்த்து 'அக்லாகே நாஸிரீ'யை எழுதினார். அந்நூல் அக்பரின் அவையில் படிக்கப்பட்டவற்றுள் ஒன்று என அபுல் ஃபஸ்ல் குறிப்பிடுகிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் முஹம்மத் அப்துஹு கெய்ரோவில் தம் வீட்டில் மாணவர்களுக்குத் தஹ்தீபைப் பாடமாக நடத்தினார்.

இப்னு ஸீனாவைப் பற்றிய ஒரு செய்தியையும் இங்கே சேர்க்கத் தோன்றுகிறது. ஸஹீருத்தீன் அல்பைஹகீ சொல்வது இது. இளைஞரான இப்னு ஸீனா மிஸ்கவைஹியின் வகுப்பில் நுழைந்து ஓர் அக்ரோட்டுக் கொட்டையை அவர்முன் எறிந்து, இதன் மேற்பரப்பை அளந்து சொல்லுங்கள் என்றாராம். மிஸ்கவைஹி தம் அக்லாக் நூலின் சில பகுதிகளை அவர்முன் எறிந்து, நான் இதை அளப்பதற்குமுன் நீர் உமது குணத்தைத் திருத்திக்கொள்ளும் என்றாராம். நடந்ததோ இல்லையோ, சுவையான கதை. இளைஞரின் பக்கமும் ஒரு கதை உண்டு: ஒரு விஷயத்தைப் பலமுறை விளக்கியும் மிஸ்கவைஹிக்குப் புரியவில்லை, விட்டுவிட்டேன் என்று இப்னு ஸீனா எழுதியதாகக் கிஃப்தீ பதிவு செய்திருக்கிறார். கூர்மதியில் இவ்விருவரும் ஒரே தரத்தினர் என்று எவரும் சொல்லமாட்டார்கள். மிஸ்கவைஹியும் அப்படி உரிமை கொண்டாடவில்லை.

அவர் தமக்குத் தாமே எழுதிக்கொண்ட உடன்படிக்கை ஒன்று இருக்கிறது. எனக்கு அது தஹ்தீபை விடவும் நெருக்கமானது. அஹ்மத் இப்னு முஹம்மத் அல்லாஹ்வோடு செய்துகொள்ளும் உடன்படிக்கை இது என்று தொடங்கி, தாம் இன்று அச்சமற்ற நிலையில், உடல் நலத்தோடு, அன்றைய உணவு கையிலிருக்க, உள்ளத்தின் நெருக்கடியோ உடலின் நெருக்கடியோ தூண்டாமல் இதைச் செய்வதாகக் குறிப்பிடுகிறார். அரபு தெரிந்தவர்களின் செவியில் இவ்வாசகம் உடனே ஒலிக்கும். பாதுகாப்பும் உடல் நலமும் அன்றைய உணவும் பெற்றுக் காலையில் எழுபவருக்கு உலகமே திரட்டித் தரப்பட்டது போன்றதாகும் என்று திர்மிதியில் வரும் நபிமொழியின் அதே சொற்கள் அவை. உலகமே கிட்டிய நிலையில் இருப்பதாக ஒப்புக்கொண்டபின் அவர் எதை வேண்டுகிறார்? நோயிலும் கடனிலும் நாம் செய்துகொள்ளும் நேர்ச்சைகளைப் போன்றதல்ல அவருடையது. தன் நஃப்ஸோடு போராடித் தன்னடக்கமும் வீரமும் ஞானமும் பெறவே அவர் வாக்களிக்கிறார். தொடரும் நிபந்தனைகளில் சில: பேசத் துடிக்கும்போது அறிவைக் கலந்துகொள்ளும் வரை வாய் மூடியிருத்தல், நல்லதை அது நல்லது என்பதற்காகவே நேசித்தல், ஷரீஅத்தைப் பற்றி நிற்றல், காலமே ஆயுள் என்பதால் அதை முக்கியமானவற்றில் மட்டும் செலவிடுதல், கொடுத்த வாக்குகளைக் காத்தல், அவற்றுள் முதலாவதாகத் தனக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலுள்ள வாக்கை. அடையப்பெற்ற ஒரு நல்ல நிலை இயல்பாகவே ஆகிவிடும்வரை அதை விடாது பேணுதலும் அவற்றுள் ஒன்று. மெல்ல மெல்லப் பால்குடி மறந்தவர் எழுதியது என்பது இவ்வரியிலேயே தெரிகிறது.

ஹிஜ்ரி 420ல் (கி.பி. 1029) மஹ்மூத் கஸ்னவீ ரய் நகரைக் கைப்பற்றினார். மெய்யியல், முஃதஸிலாக் கொள்கை, வானசாஸ்திரம் ஆகியவற்றைப் பற்றிய நூல்கள் அங்கே எரிக்கப்பட்டன. எஞ்சியவை நூறு சுமைகளாக அள்ளிச் செல்லப்பட்டன என்கிறார் இப்னுல் அதீர். மிஸ்கவைஹி அப்போது உயிரோடிருந்தார். நூறாண்டை நெருங்கும் வயதில், அடுத்த ஆண்டு ஸஃபரில், இஸ்ஃபஹானில் காலமானார். அந்த உடன்படிக்கை நமக்குக் கிடைப்பது இரு நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த யாகூத் அல்ஹமவியின் 'முஃஜமுல் உதபா'வில். அடிமையாக பக்தாதுக்குக் கொண்டுவரப்பட்டு, நூல்களைப் பிரதியெடுத்து விற்றுப் பிழைத்தவர் யாகூத். மர்வு நகரின் பத்து நூலகங்களில் ஆழ்ந்திருந்து, தாத்தாரியர் வருகையறிந்து ஹிஜ்ரி 616ல் (கி.பி. 1219) அங்கிருந்து வெளியேறியவர். மிஸ்கவைஹியின் வரலாற்றை எழுதும்போது, தவ்ஹீதியின் ஏச்சையும் அந்த உடன்படிக்கையையும் அவர் ஒரே இடத்தில் அருகருகே வைத்திருக்கிறார்.